பக்கம் ஏன் பக்கவாட்டில் நகர்கிறது?

வணக்கம் ஐயா,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் இணையப் பக்க வடிவமைப்பு ஒரு பாடம். எல்லாவற்றையும் கையால் எழுதச் சொல்கிறார் விரிவுரையாளர், வார்ப்புருக்களைத் தொடக்கூடாதாம். ஒப்படைப்புக்காகத் தேக்காவில் உள்ள ஒரு பூமாலைக் கடைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கங்கள் செய்கிறேன். மடிக்கணினியில் நன்றாக இருக்கிறது. பக்கங்களை இணையத்தில் வெளியிடும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் பாதிப் படங்களைக் காணோம். கைத்தொலைபேசியில் பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது. தமிழ்ப் பக்கம் மட்டும் நெரிசலாகத் தெரிகிறது. வார்ப்புரு போட்டிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காதே? கையால் எழுதி என்ன பயன்?

முதலாண்டு மாணவி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள மாணவிக்கு,

வார்ப்புரு போட்டிருந்தாலும் இவற்றில் இரண்டேனும் வந்திருக்கும். எங்கே கைவைப்பது என்பதுதான் தெரிந்திருக்காது. உங்கள் விரிவுரையாளர் பக்கம்தான் நான்.

படங்களில் தொடங்குவோம். விண்டோஸ் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. கிட்ஹப் பேஜஸ் பார்க்கும். கேமரா தந்த பெயரின் கடைசியில் 'ஜேபிஜி' பெரிய எழுத்தில் இருந்து, நீங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் வீட்டில் படம் வரும், அங்கே 404தான், அதாவது 'கோப்பு இல்லை' என்ற பிழை. எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தாக்குங்கள், இடைவெளிக்குப் பதில் சிறுகோடு போடுங்கள். அப்படியும் வராத படத்தின் முகவரியைப் பாருங்கள். அது 'சி' டிரைவில் தொடங்கினால் உங்கள் கணினியைத் தவிர வேறெங்கும் வராது. படங்கள் தனிக் கோப்புறையில் இருந்தால் அந்தக் கோப்புறையின் பெயரிலிருந்து எழுத வேண்டும்.

கைத்தொலைபேசிப் படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் அதையும் மாற்றுங்கள். 4000 பிக்சல் அகலப் படம் பல மெகாபைட் இருக்கும். 360 பிக்சல் அகலத் திரை மும்மடங்கு அடர்த்தி உடையதாக இருந்தாலும் அதற்குத் தேவை 1080தான். 1200க்குக் குறைத்து, தரத்தை 75க்கும் 80க்கும் இடையில் வைத்துச் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டில் முடியும். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லிலேயே எழுதிவிட்டால், படம் வந்து இறங்கும்போது கீழுள்ள எழுத்து துள்ளாது.

பக்கவாட்டு நகர்வுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும். பக்கம் முழுவதும் எறும்பு அளவில் சுருங்கித் தெரிந்தால் திரையின் அகலத்திலேயே பக்கத்தை வரையச் சொல்லும் வியூபோர்ட் வரி விடுபட்டிருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் ஐபோனின் சஃபாரி பக்கத்தை 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, பிறகு சுருக்கும். எழுத்து சரியான அளவில் இருந்தும் பக்கம் வலப்புறம் நகர்ந்தால், ஏதோ ஒரு பெட்டி திரையைவிட அகலமாக இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் எல்லா உறுப்புகளுக்கும் சிவப்பு 'அவுட்லைன்' போடுங்கள். 'பார்டர்' போடாதீர்கள், அது தானே இடம் பிடித்து அளவை மாற்றிவிடும். குரோமில் எஃப்12 அழுத்தி, திரையை 360க்குக் குறுக்கினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி கண்ணில் படும்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: அகலம் 100 விழுக்காடு என்று எழுதி, இருபுறமும் 20 பிக்சல் பேடிங், அதாவது உள் இடைவெளி, வைத்திருப்பீர்கள். சிஎஸ்எஸ்ஸின் இயல்பான கணக்கில் பேடிங் அகலத்துக்கு வெளியே சேரும். 360ம் 40ம் 400. 'பாக்ஸ்-சைசிங்' என்பதை 'பார்டர்-பாக்ஸ்' ஆக்கினால் பேடிங் உள்ளே அடங்கிவிடும். படங்களுக்கு அதிகபட்ச அகலம் 100 விழுக்காடு, உயரம் 'ஆட்டோ'. முழுப் பக்கத்துக்கும் நகர்வை மறைக்கும் ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பிழை அங்கேயேதான் இருக்கும், வலப்புற எழுத்தும் வெட்டுப்படும்.

தமிழ்ப் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 'நிகழ்ச்சிகளுக்கான' போன்ற சொற்கள் பெரிய தலைப்பெழுத்தில் 360 பிக்சலுக்குள் அடங்கமாட்டா. தமிழுக்கு உலாவி தானாக ஒட்டுக்கோடு போட்டு உடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. தலைப்பின் அளவைக் குறைப்பதே நல்லது. கடைசிக் காப்பாக, அடங்காத சொல்லை உடைக்கும் 'ஓவர்ஃப்ளோ-ராப்' கொடுங்கள். பெட்டிகளை வரிசைப்படுத்தும் ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்குள் இருந்தால் அதற்கு 'எனிவேர்' என்ற மதிப்பு வேண்டும். 'பிரேக்-வேர்ட்' கொடுத்தால் பெட்டி சுருங்க மறுக்கும். ஆங்கிலப் பட்டியலுக்கு அளந்து செய்த 100 பிக்சல் பொத்தானில் 'தொடர்புகொள்ள' அடங்காது. பொத்தானுக்கு அகலம் எழுதாமல் பேடிங் மட்டும் கொடுத்தால் அது சொல்லுக்கேற்ப விரியும்.

நெரிசலுக்கு வருகிறேன். தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகரச் சுழிகளும் உண்டு. உலாவியின் இயல்பான வரி உயரம் இதற்குப் போதாது. 1.7 கொடுத்துப் பாருங்கள். பின்னால் பிக்சல் எழுதாதீர்கள், எண் மட்டும் போதும். அப்போதுதான் தலைப்புக்கும் பத்திக்கும் அதனதன் அளவுக்கேற்ப விரியும். எழுத்துரு வரிசையில் ஆங்கில எழுத்துருவை முன்னும் நோட்டோ சான்ஸ் தமிழைப் பின்னும் வையுங்கள். முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு உலாவி அடுத்ததைத் தேடும். தமிழை முன்னே வைத்தால் அதிலுள்ள ஆங்கில எழுத்துகளே வந்துவிடும். 400, 700 என இரண்டு தடிமனும் ஏற்றுங்கள். 400 மட்டும் இருந்தால் உலாவி தானே பூசித் தடிமனாக்கும், சுழிகள் அடைத்துக்கொள்ளும். சாய்வெழுத்தைத் தமிழில் தவிருங்கள்.

பக்கத்தின் மொழிக் குறியைப் பலர் கவனிப்பதில்லை. வார்ப்புருக்களில் பெரும்பாலும் ஆங்கிலம் என்றே இருக்கும். அப்படியே விட்டால் பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் உங்கள் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும். எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் யூடிஎஃப்-8 வரி கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். 1997இல் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூரில் கூடிய காலத்தில் தளத்துக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. இன்று இந்த ஒரு வரியோடு தீர்கிறது.

மதிப்பெண் போகும் இடம் ஒன்று: வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. இணைய அணுகல் வழிகாட்டி விதி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கேட்பது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு. 777777 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பல் 4.48இல் தோற்கிறது, 767676 தேறுகிறது. பூக்கடைக்குச் சாம்பல் எதற்கு என்பது வேறு கேள்வி.

வார்ப்புருவை அடுத்த பருவத்தில் தாராளமாக எடுங்கள். இப்போது செய்ய வேண்டியது, நிறங்களை எல்லாம் நீக்கிவிட்டு வெறும் எச்டிஎம்எல்லை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பார்ப்பது. கடையின் நேரம், மாலை விலை, முகவரி ஆகியவை அந்த வரிசையிலேயே விளங்கினால் அமைப்பு சரி. விளங்காவிட்டால், பெட்டிகளைக் கட்டங்களில் அடுக்கும் எந்த கிரிட்டும் அதைச் சரிசெய்யாது. ஒப்படைக்குமுன் கைத்தொலைபேசியில் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் தளத்தைத் திறந்து பாருங்கள். பழைய கோப்பை உலாவி நினைவிலிருந்து எடுத்துக் காட்டினால் எது திருந்தியது, எது திருந்தவில்லை என்று தெரியாது.