பெண் பொறியாளருக்கு விண்வெளித் துறை அரசு வேலை ஒத்துவருமா, வங்கித் தேர்வே எழுதிவிடலாமா?

ஈசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், விண்வெளித் துறையில் அரசுப் பொறியாளராக ஆசை, வீட்டில் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள், பெண்ணுக்கு அந்த வேலை ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒத்துவரும். 37 வருடம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு 2023-இல் ஓய்வு பெற்றவள் என்கிற முறையில் சொல்கிறேன். மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்றில், விண்ணுக்குப் போகும் மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும், சின்ன ஊரிலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்வரும் பெண்ணாக இருக்கும் என்று தோன்றியது. தப்பென்றால் மன்னியுங்கள். அப்பாவுக்குச் சம்பளம் பற்றிய கவலை இருக்காது. ராத்திரி ஷிப்ட், வெளியூர், கல்யாணம் இந்த மூன்றும்தான் அவர் மனதில் இருக்கும். 1986-இல் எனக்கு வேலை உத்தரவு வந்தபோது என் அப்பாவும் இதே மூன்றைத்தான் கேட்டார். வெளியூரும் கல்யாணமும் எப்படியோ சரியாகிவிட்டன. ராத்திரி ஷிப்ட் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பிரிவில் முக்கியமான சோதனை தெர்மோவாக். பெரிய இரும்பு உருளை, அதற்குள் கருவியை வைத்துக் கதவை மூடிக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் நாம் மூச்சு விடும் காற்றில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கு இறங்கும். சுற்றிலும் திரவ நைட்ரஜனை ஓடவிட்டுக் குளிர்விப்பார்கள், அப்புறம் சூடாக்குவார்கள், மறுபடி குளிர்விப்பார்கள். பூமியைச் சுற்றும்போது வெயிலும் நிழலுமாக மாறி மாறி வருமே, அதைத் தரையிலேயே கருவிக்குக் காட்டுவதற்குத்தான் இது. ஆரம்பித்தால் ராத்திரி பகல் என்று நிறுத்த முடியாது, நாள்கணக்கில் போகும். யாராவது ஒருவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

1992-இல் எனக்குப் பெண் பிறந்தாள். அப்போது பிரசவ விடுப்பு 90 நாள்தான். (1997-இல் அது 135 ஆனது, 2008-இல் 180 ஆனது. குழந்தை வளர்ப்புக்கென்று தனியாக 730 நாள் விடுப்பும் 2008-இல்தான் வந்தது.) விடுப்பு முடிந்து வேலைக்கு வந்த இரண்டாவது வாரமே தெர்மோவாக் ஷிப்ட் போட்டார்கள், ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை. யாரும் வேண்டுமென்றே போடவில்லை, ஆள் இல்லை, அவ்வளவுதான். ஊரிலிருந்து அம்மா வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். வீட்டில் போன் கிடையாது, பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டால்தான் உண்டு. ஒரு மணி வாக்கில் மார்பில் பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிடும். உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அது போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் குழந்தை புட்டிப்பாலுக்கு அழுதுகொண்டிருக்கும்.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி, மணி இரண்டு நாற்பது. கருவி குளிர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. மைனஸ் 12 டிகிரியைத் தாண்டும்போது ஒரு சிக்னல் போய்விட்டது. இரண்டே வினாடி, திரும்ப வந்துவிட்டது. ஷிப்ட் இன்சார்ஜ் எழுந்து வந்து பார்த்தார். "நம்ம டெஸ்ட் கேபிளா இருக்கும்மா, விடுங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பத்துக்கு எட்டுத் தடவை குறை கருவியில் இருக்காது, நாம் மாட்டிய கேபிளில்தான் இருக்கும். மறுநாள் ராத்திரி அடுத்த சுற்று வந்தது, அதே மைனஸ் 12, அதே சிக்னல், மறுபடி போனது. கேபிள் வெளியே அறையில் கிடக்கிறது, அங்கே குளிரே கிடையாது. வெளியே உள்ள கேபிளுக்கு உள்ளே இருக்கும் குளிர் எப்படித் தெரியும்?

லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதினால் அந்த இரும்பு உருளையை மெதுவாகச் சூடாக்கி, உலர்ந்த நைட்ரஜன் நிரப்பித்தான் திறக்க முடியும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த கருவியின் மேல் ஈரம் படிந்து அதுவே கெட்டுவிடும். முதலிலிருந்து எல்லாச் சுற்றும் மறுபடி ஓட்ட வேண்டும், ஒரு வார வேலை வீண். அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சிக்னல் போகும் கனெக்டரைப் பிரசவத்துக்குப் போகும் முன் பரிசோதித்து "சரி" என்று கையெழுத்துப் போட்டவளே நான்தான்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அப்புறம் எழுதினேன். தேதி, நேரம், வெப்பநிலை, கனெக்டரின் எந்தப் பின், எத்தனை வினாடி, கீழே என் பெயர்.

உருளையைத் திறந்ததும் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு ஒயராக இடுக்கியால் மெல்ல இழுத்துப் பார்த்தோம். ஒன்றே ஒன்று ஒரு மயிரிழை அசைந்தது. பின்னில் ஒயரைக் கவ்வும் இடத்தில், அதாவது கிரிம்பில், பிடிப்புப் போதவில்லை. குளிரில் எல்லாம் சுருங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. தரையில் அது இரண்டு வினாடி. மேலே போனபின் அது என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏணி வைத்து ஏறிப் போய் ஒயரை மாற்ற முடியாது.

என்னைத் திட்டினார்களா? திட்டினார்கள். இரண்டு நாள் கழித்து அதே இன்சார்ஜ் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் காட்டினார். அந்தக் கருவி பின்னாளில் விண்ணில் ஒழுங்காக வேலை செய்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரில் என் பெயர் கிடையாது, இருக்கவும் வேண்டியதில்லை.

பெரிய தியாகி மாதிரிப் பேசுகிறாள், நர்ஸ்களும் மில் பெண்களும் ராத்திரி வேலை பார்க்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். பார்க்கிறார்கள், என்னைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பார்க்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், ராத்திரி ஷிப்டைக் காட்டி இந்த ஒரு வேலையை மட்டும் பெண்ணுக்கு ஆகாது என்பது நியாயமில்லை.

அப்பாவிடம் நிகார் ஷாஜியைப் பற்றிச் சொல்லுங்கள். செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர், 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 விண்கலத் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் அவர்தான். 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பி, 15 லட்சம் கிலோமீட்டர் போய், 2024 ஜனவரி 6-இல் சூரியனைப் பார்க்கும் சுற்றுப்பாதையில் அது சேர்ந்தது. அந்தச் சாயங்காலம் நான் டிவி முன்னால் அழுதேன், என் மகள் பயந்துபோனாள். அரியலூர் வளர்மதி ரிசாட்-1 என்ற ரேடார் செயற்கைக்கோளுக்குத் திட்ட இயக்குநராக இருந்தார். சந்திரயான்-2-க்கு வனிதா. லேண்டர் விழுந்ததை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதே திட்டத்தில் போன ஆர்பிட்டர் தொடர்ந்து நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது, 2023-இல் சந்திரயான்-3 போனபோது அதோடு தொடர்பும் கொண்டது. அதைப் பேசுகிறவர்கள் குறைவு.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இஸ்ரோ தேர்வுக்குப் பயிற்சி என்று சொல்லி ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் வாங்குகிறார்கள். என் அக்கா மகள் தேர்வானதும், அவள் ஒரு நாள்கூடக் கால் வைக்காத ஒரு பயிற்சி மையம் அவளுடைய படத்தை எங்கிருந்தோ எடுத்து பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் வைத்தது. "எங்கள் மாணவி"யாம். அக்கா நேரில் போய்க் கேட்டதற்கு, "உங்க பொண்ணுக்கு நல்ல விளம்பரம்தானேக்கா" என்றார்களாம். அந்தப் பிளெக்ஸைப் பார்த்து எத்தனை அப்பாக்கள் நகையை அடகு வைத்தார்களோ, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவள் படித்ததெல்லாம் கல்லூரிப் பாடப்புத்தகமும் பழைய வினாத்தாளும்தான்.

இஸ்ரோ பொறியாளர் பணிக்கான அறிவிப்பில் பொதுவாக பிஇ-யில் 65 சதவீதம் கேட்பார்கள். எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்காணல். உங்கள் மதிப்பெண் இப்போது எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அரியர் இருந்தால் இந்த செமஸ்டரிலேயே முடியுங்கள். வங்கித் தேர்வையும் எழுதுங்கள், அதில் தப்பில்லை, அப்பாவுக்கும் நிம்மதி. நேர்காணலில் உங்கள் புராஜெக்டைத் துருவிக் கேட்பார்கள், எனவே புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், கையால் சால்டர் பிடித்துச் செய்யுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கீழே எழுதினால், எனக்குத் தெரிந்தவரை வழி சொல்கிறேன்.