கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விழுந்தவர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். தடைக்காலம் என்பதால் படகைக் கரையேற்றி மராமத்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாலையில் வேலை முடிந்ததும் நானும் அண்ணனும் கைபேசியில் பழைய ரெஸ்லிங் ஆட்டங்களைப் பார்ப்போம். சென்ற வாரம், ராக்கர்ஸ் என்ற டேக் டீம் (மாறி மாறி ரிங்கில் இறங்கும் இருவர் இணை) உடைந்த காட்சியை மறுபடி பார்த்தோம். ஷான் மைக்கேல்ஸ் தன் கூட்டாளி மார்ட்டி ஜானெட்டியை முகத்தில் உதைத்து, கண்ணாடி ஜன்னலுக்குள் தள்ளிவிடுகிறார். "மேலே போகிறவன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் போவான். ஜானெட்டியிடம் சரக்கு இல்லை, அதனால்தான் பிறகு ஆளே காணாமல் போனார்" என்கிறார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் எப்படி மறுப்பது என்றும் தெரியவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்து நடத்துவது என்று தெரிந்த பிறகும், அந்தக் காட்சி மட்டும் ஏன் இன்றும் உறுத்துகிறது?

செ., பாம்பன்

அன்புள்ள செ.,

உங்கள் அண்ணன் சொல்வதைத்தான் உலகம் முழுவதும் உள்ள ரசிகர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். எந்த இணை பிரிந்தாலும், "இதில் ஜானெட்டி யார்?" என்று கேட்பது அவர்களிடையே வழக்கமாகிவிட்டது. இருவரில் தேறாமல் போகப்போகிறவர் யார் என்பதே அந்தக் கேள்வியின் பொருள். ஒரு மனிதரின் பெயர் இப்படித் தோல்விக்கு முத்திரையாகிப் போனதை நான் பல ஆண்டுகளாக மனக்கசப்போடு பார்த்து வருகிறேன். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஜன்னல் காட்சி ஒருவர் இன்னொருவரை உதறிவிட்டுச் சென்ற காட்சி அல்ல. இருவரும் சேர்ந்து செய்த வேலைகளிலேயே மிகக் கடினமானது அது, அதில் பெரும்பங்கைச் சுமந்தவர் ஜானெட்டி.

அவர்கள் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986-ல், மினியாபொலிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.டபிள்யூ.ஏ. நிறுவனத்தில் மிட்நைட் ராக்கர்ஸ் என்ற பெயரில் இருவரும் இறங்கினார்கள். ஜானெட்டி மூத்தவர், அனுபவம் கூடியவர். 1987 ஜனவரியில் பட்டி ரோஸ், டக் சாமர்ஸ் இணையை வென்று அவர்கள் முதன்முறை ஏ.டபிள்யூ.ஏ. டேக் டீம் பட்டம் பெற்றபோது மைக்கேல்ஸுக்கு வயது 21 மட்டுமே. அதே ஆண்டில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனத்துக்குப் போய், நடத்தை சரியில்லை என்று சில வாரங்களிலேயே வெளியேற்றப்பட்டு, பழைய இடத்துக்கே திரும்பி, ஆண்டு முடிவதற்குள் மீண்டும் பட்டம் வென்றார்கள். 1988-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அவர்களை மறுபடி அழைத்துக்கொண்டது. அங்கே சுற்றியிருந்தவர்கள் எல்லாம் மலை போன்ற உடல்காரர்கள். இவர்கள் இருவரும் சிறிய உடலையும் வேகத்தையும் வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டியிருந்தது. ஒரே நொடியில் இருவரும் துள்ளி, ஒரே உயரத்தில் நான்கு கால்களால் எதிராளிகளை உதைப்பார்கள். பார்ப்பதற்கு விளையாட்டாகத் தெரியும் அந்த ஒருமை, ஒருவர் அரை நொடி பிந்தினாலும் குலைந்துவிடும்.

டேக் டீம் ஆட்டத்தில் வேலை எங்கே நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் அண்ணனின் வாதம் எங்கே தவறுகிறது என்பது தெரியும். நம் கண் ரிங்குக்குள் இருப்பவர்மேல் இருக்கிறது. ஆனால் ஆட்டத்தின் சூடு ஏறுவதும் இறங்குவதும் கயிற்றுக்கு வெளியே, மூலையில் நிற்பவரின் கையில் இருக்கிறது. மூலைக் கம்பத்தில் ஒரு சிறு கயிற்றுத் துண்டு கட்டியிருக்கும். வெளியே நிற்பவர் அதைப் பிடித்தபடியேதான் கூட்டாளியின் கையைத் தொட்டு உள்ளே வரலாம் என்பது விதி. உள்ளே ஒருவர் பத்து நிமிடம் அடி வாங்கிக்கொண்டிருப்பார். வெளியே நிற்பவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முழுவதும் முன்னே நீட்டி, கையை எட்டிப் போட்டு, கூட்டத்தைத் தட்ட வைத்து, நடுவரிடம் வாதாடி, அந்தப் பத்து நிமிடத்தையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அவர் அங்கே சலித்துப்போய் நின்றால், உள்ளே விழும் அடி எதற்கும் மதிப்பில்லை. நம் கரைகளில் கரைவலை இழுப்பதைப் பார்த்தே வளர்ந்தவர் நீங்கள். இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் ஒரே சீராக இழுத்தபடி ஒன்றையொன்று நெருங்கி வந்தால்தான் மடி நிறைந்து கரை சேரும். ஒரு பக்கம் தொய்ந்தால் மீன் அந்தப் பக்கமாகவே வெளியேறிவிடும். மடியில் விழுந்த மீனைப் பார்த்து, இது எந்தக் கயிறு இழுத்த மீன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இதைத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் 1991 ஜனவரியில் மயாமியில் நடந்த ராயல் ரம்பிள் என்ற பெரிய நிகழ்ச்சியின் முதல் ஆட்டம். எதிரே ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் என்ற இணை. அதில் ஒருவர் பாட் டனாகா. முகமூடி அணிந்து கேட்டோ என்ற பெயரில் வந்த மற்றவர் பால் டயமண்ட். இதே இருவர்தான் 1988-ல் பேட் கம்பெனி என்ற பெயரில் ராக்கர்ஸிடமிருந்து ஏ.டபிள்யூ.ஏ. பட்டத்தைப் பறித்தவர்கள். இப்படி ஒருவர் உடலை ஒருவர் நன்கறிந்த நான்கு பேர், பட்டம் எதுவும் பணயத்தில் இல்லாத ஒரு தொடக்க ஆட்டத்தில், அந்த இரவில் நடந்த மற்ற எல்லாவற்றையும்விட மேலான ஒன்றைச் செய்து காட்டினார்கள். ஒலியை நிறுத்திவிட்டு அந்த ஆட்டத்தைப் பார்த்தால், இருவரில் யார் பிற்காலத்தில் உச்சம் தொட்டவர் என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. ஜானெட்டியின் பாய்ச்சல் பல இடங்களில் மைக்கேல்ஸைவிடச் சுத்தமாக இருக்கிறது என்பது என் கணிப்பு.

அவர்களுக்கு நடந்த ஒரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். 1990 அக்டோபர் 30 அன்று, ஒளிபரப்புக்காகப் பதிவான ஓர் ஆட்டத்தில் ராக்கர்ஸ், பிரட் ஹார்ட்டும் ஜிம் நைட்ஹார்ட்டும் சேர்ந்த ஹார்ட் ஃபவுண்டேஷன் இணையை வென்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். டேக் டீம் பட்டத்தைப் பெற்றார்கள். ஆட்டத்தின் நடுவே ரிங்கின் மேல்கயிறு அறுந்துவிட்டது. அந்த ஆட்டம் ஒளிபரப்பாகவே இல்லை. பட்டம் ஓசையின்றிப் பழைய இணைக்கே திரும்பியது. வெற்றி பெற்றும் பெறாதவர்களாகவே அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் ராக்கர்ஸ் நின்றுவிட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து இணை உடைந்தது. ஏன் உடைத்தார்கள்? அண்ணன் சொல்வது போல ஒருவரிடம் சரக்கு தீர்ந்துபோனதாலா? அந்தத் தொழிலின் கணக்குப் புத்தகம் வேறு மாதிரி எழுதப்படுவது என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன். ஓர் இணைக்கு இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து, இரண்டு பேரை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும். ஆனால் சுவரொட்டியில் அவர்களுக்கு ஒரே இடம்தான். நுழைவுச்சீட்டை விற்பது உலகப் பட்டத்துக்கான ஆட்டம், அதில் ஒருவர்தான் நிற்க முடியும். ஆகவே முதலாளிகளுக்கு டேக் டீம் என்பது நாற்றங்கால். அங்கே வளர்ந்ததில் ஒன்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவார்கள். ஹார்ட் ஃபவுண்டேஷனுக்கும் இதுதான் நடந்தது. 1991-ல் ரெசில்மேனியா நிகழ்ச்சியில் பட்டத்தை இழந்தபின் அந்த இணை சண்டை சச்சரவின்றிக் கலைந்தது. பிரட் ஹார்ட் அதே ஆண்டு சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில், தனி வீரருக்கான இன்டர்கான்டினென்டல் பட்டம் வென்று தனி வழியில் உயர்ந்தார். அங்கே துரோகம் ஏதும் நடக்காததால், ஜிம் நைட்ஹார்ட்டின் பெயர் வசைச்சொல்லாகவும் ஆகவில்லை.

ராக்கர்ஸை மட்டும் ரத்தம் காட்டிப் பிரித்தார்கள். 1991 நவம்பரில் சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில், ஜானெட்டி தூக்கிப் போட்ட எதிராளியின் கால் மைக்கேல்ஸ்மேல் பட்டு, அதனால் மைக்கேல்ஸ் ஆட்டத்திலிருந்து வெளியேற நேர்ந்தது. அங்கே தொடங்கிய பிணக்கைத் தீர்ப்பதற்கென்று, புரூட்டஸ் பீஃப்கேக் நடத்திய பார்பர் ஷாப் என்ற பேட்டி மேடைக்கு இருவரையும் அழைத்தார்கள். 1992 ஜனவரியில் அது ஒளிபரப்பானது. உங்கள் கைபேசியில் அந்தக் காட்சியை இன்னொரு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஜானெட்டி தன் முதுகைக் கூட்டாளிக்குக் காட்டியபடி நிற்கிறார். அடிப்பதானால் இப்போது அடி என்பதே அதன் பொருள். மைக்கேல்ஸ் அடிக்கவில்லை. பிணக்கு தீர்ந்து சமாதானமாகிவிட்டார்கள் என்று கூட்டம் ஆரவாரிக்கிறது. முகத்துக்கு முகம் நிற்கும்போதுதான் உதை விழுகிறது. பிறகு தரையில் கிடப்பவரைத் தூக்கி நிறுத்தி, தலையை முன்னே வைத்து ஜன்னலுக்குள் எறிகிறார். வெளியே வரும் முகத்தில் ரத்தம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பேசி வைத்தது என்று தெரிந்தும் ஏன் உறுத்துகிறது என்று கேட்டிருந்தீர்கள். பேசி வைத்ததால்தான் உறுத்துகிறது என்பேன். தாடைக்கு வரும் காலை, அது எங்கே நிற்கும் என்ற நம்பிக்கையோடு அசையாமல் ஏற்றுக்கொள்ளவும், தன் முகத்தைக் கண்ணாடிக்குக் கொடுக்கவும் ஒருவர் சம்மதிக்கிறார் என்றால், ஐந்தாறு ஆண்டுகள் இரவு தோறும் தன் உடம்பை எவர் கையில் ஒப்படைத்தாரோ அவரிடம் மட்டுமே அப்படிச் சம்மதிக்க முடியும். கதையில் நம்பிக்கை உடைகிறது. அதே நொடியில் அந்த இரண்டு உடல்களுக்கிடையே நம்பிக்கை முழுமையாக வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டையும் நம் கண் ஒருசேரப் பார்த்துவிடுகிறது. தேர்ந்த நடிகர்களுக்கும் வாய்க்காத அழுத்தம் அந்தக் காட்சிக்கு அதனால்தான் வந்தது. மைக்கேல்ஸை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நாம் பார்த்த மைக்கேல்ஸாக ஆக்கியது அந்த உதைதான் என்றால், அதை ஆக்கிக் கொடுத்தவர் விழுந்தவர். இந்தத் தொழிலில் விழுகிறவர் ஒழுங்காக விழாவிட்டால் அடித்தவர் பெரியவர் ஆவதில்லை.

அன்றைய வர்ணனையில் பாபி ஹீனன், ஜானெட்டி தப்பிக்கப் பார்த்துத் தானே ஜன்னலுக்குள் பாய்ந்துவிட்டார் என்று அடித்துச் சொன்னார். வில்லன்களுக்கு வக்காலத்து வாங்குவது அவருடைய பாத்திரம். கேட்ட எவரும் அதை நம்பவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஜானெட்டி விழுந்தது அவர் குறையால்தான் என்று நாம் சொல்லும்போது, ஹீனனின் வாதத்தைத்தானே வேறு வார்த்தைகளில் சொல்கிறோம்? அண்ணனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

"சரக்கு இல்லை" என்பதற்கும் பதில் இருக்கிறது. பிரிவுக்குப் பின் பல மாதங்கள் ஜானெட்டி அந்த நிறுவனத்தில் இல்லை. திரும்பி வந்து, 1993 மே 17 அன்று திங்கள் இரவு ரா நிகழ்ச்சியில் மைக்கேல்ஸிடமிருந்தே இன்டர்கான்டினென்டல் பட்டத்தை வென்றார். மூன்று வாரங்களுக்குள் அதை இழந்தார் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டமாக ப்ரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை தேர்ந்தெடுத்தது, ரா நிகழ்ச்சியில் இந்த இருவரும் மோதிய ஆட்டம் ஒன்றை. எதிரெதிரே நின்றபோதும் அவர்களால் ஒன்றாக வேலை செய்ய முடிந்தது. 1994 ஜனவரியில், ராக்கர்ஸாக இருந்தபோது கணக்கில் ஏறாத அதே டேக் டீம் பட்டத்தை, 1-2-3 கிட் என்பவரோடு சேர்ந்து ஜானெட்டி வென்றார். அது அவரிடம் இருந்தது ஒரு வாரம்தான். அதன் பின் அவர் வழி சரிந்தது. மைக்கேல்ஸ் 1996-ல் பிரட் ஹார்ட்டை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட ஆட்டத்தில் வென்று உலகப் பட்டம் பெற்றார். தனி ஆளாக மைக்கேல்ஸ் மேலானவர் என்பதை நான் மறுக்கவே இல்லை. தனி ஆளுக்குரிய அளவுகோலை வைத்து ஓர் இணையின் பாதியை அளக்கக் கூடாது என்பதே என் வாதம்.

தொண்ணூறுகளில் இராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்துக் கடைகளில் வாங்கி நம் பிள்ளைகள் விளையாடிய ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டுகளை நினைத்துப் பாருங்கள். உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் அளவு, ரேங்க் என்று எல்லாமே ஒற்றை ஆளின் எண்கள். கூட்டாளி அடி வாங்கும்போது மூலையில் நின்று ஒருவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. வீரர்களை எடைபோட அந்த அட்டைகளில் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை, மைக்கேல்ஸ் ஜெயித்தார், ஜானெட்டி தோற்றார் என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை.

பிரிவுதான் எல்லா இணைக்கும் முடிவு என்றும் நினைத்துவிட வேண்டாம். ராக்கர்ஸுக்கு முன்னோடிகளான ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் இணையில், 1991-ல் ரிக்கி மார்ட்டன் தன் கூட்டாளி ராபர்ட் கிப்சனுக்கு எதிராகத் திரும்பினார். பிறகு ஒன்று சேர்ந்தார்கள். 2019-ல், இருவருமே அறுபது வயதைக் கடந்த நிலையில், என்.டபிள்யூ.ஏ. என்ற இன்னொரு நிறுவனத்தின் டேக் டீம் பட்டத்தை மீண்டும் வென்றார்கள். மைக்கேல்ஸும் ஜானெட்டியும் 2005-ல் ஓரிரவு மட்டும் ரா நிகழ்ச்சியில் மறுபடி ராக்கர்ஸாக இறங்கி வென்றார்கள். உடம்பு கனத்திருந்தது, வேகம் குறைந்திருந்தது. ஆனால் இருவரும் சேர்ந்து துள்ளும் நேரம் பிசகவில்லை.

நீங்களும் அண்ணனும் அந்த 2005 ஆட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 1991 மயாமி ஆட்டத்தைத் தேடி எடுங்கள். மைக்கேல்ஸ் உள்ளே அடி வாங்கும் நேரத்தில் அவரைப் பார்க்காமல், மூலையில் கயிற்றைப் பிடித்து நிற்கும் ஜானெட்டியை மட்டும் பாருங்கள். பார்த்தபின் அண்ணனுக்கு இன்னும் அதே கருத்து இருந்தால், அதற்கான காரணத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். அதையும் இங்கே வெளியிட்டுப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.