எருக்கலை வளர்ப்பு: கேள்வி பதில்

சுன்னாகம்: அண்ணை, வண்ணத்துப்பூச்சி வர, உயரமாக வளரும் எங்கட ஊர்ச் செடி ஒன்று சொல்லுங்கள்.

எருக்கலை. ஆள் உயரத்துக்கு மேல் போகும், கோடையைத் தாங்கும். முழ நீளத் தடி வெட்டி, பால் காயும்வரை இரண்டு நாள் நிழலில் போடுங்கள். ஐப்பசி மழை தொடங்க, வெள்ளம் நிற்காத வெயில் இடத்தில் நடுங்கள். பசளை வேண்டாம். வேர் ஆழமாக ஓடும், பிறகு கிளப்பி நட முடியாது.

வெட்டும்போது கண்ணாடி போடுங்கள். பால் கண்ணில் பட்டால் நோவு தெரியாமலே பார்வை மங்கும். உடனே நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலணை: உவர் மணலில் வருமா?

வரும்.

கொக்குவில்: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் கோடு போட்ட புழுக்கள் இலையைத் தின்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?

ஒன்றும் அடிக்காதீர்கள், பிள்ளை. அவைதான் சுன்னாகத்துக்காரர் கேட்ட வண்ணத்துப்பூச்சி! கறுப்பு ஓரமிட்ட செம்மஞ்சள் இறகோடு வெளியே வரும். எருக்கலைப் பாலின் நஞ்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துவைக்கிறது. ஒருமுறை தின்று பார்த்த குருவி மறுபடி கிட்ட வராது. இலை போனால் போகட்டும், செடி திரும்பத் தளிர்க்கும்.

மானிப்பாய்: வளவில் எருக்கலை நின்றால் குடி விளங்காது என்கிறார் அம்மம்மா.

ஆடு மாடு பெரும்பாலும் தொடாது, தண்ணீரும் கேட்காது. அதனால் ஆளில்லாத வளவில் அது மிஞ்சும். ஆள் போனபிறகுதான் எருக்கலை வருகிறது.

உரும்பிராய்: அம்மம்மா சொல்வதுதான் சரி. பாழ் வளவின் அடையாளத்தை வாசலில் வைப்பதா?

1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டு, பல வருடம் கழித்துப் பற்றைக்குள் வீட்டைத் தேடியவர்களுக்கு அதைக் கண்டால் மனம் சுருங்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே செடியின் வெள்ளைப் பூவைத்தானே பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோம்? வாசலில் வேண்டாமென்றால் வேலிக்கரையில் நடுங்கள். வேலியோரப் பற்றையெல்லாம் வெட்டி மதில் கட்டிவிட்டோம். புழு தின்ன இலை எங்கே இருக்கிறது?

உரும்பிராய்: வேலிக்கரை என்றால் சம்மதம்.

சந்தோஷம்.

பருத்தித்துறை: பூவுக்குப் பெரிய கருவண்டு வருகிறது. குத்துமா?

பிடித்து நசுக்கினால் குத்தும், இல்லாவிட்டால் தன்பாட்டில் போகும். எருக்கலையின் மகரந்தம் தூளாக உதிராது, சின்னப் பொதியாக ஒட்டியிருக்கும். அதை இழுத்து அடுத்த பூவுக்குக் கொண்டுபோக இந்த வண்டின் பலம் வேண்டும். அது பட்ட மரத்தில் துளையிட்டுக் குடியிருக்கும். காய்ந்த கொப்பு எல்லாவற்றையும் எரிக்காதீர்கள்.

இணுவில்: புழுவுக்கு என்ன மருந்து?

கொக்குவிலுக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

சாவகச்சேரி: முள் குத்தினால் எருக்கலைப் பால் விடலாமா?

அதை வைத்தியரிடம் கேளுங்கள். பால் பட்ட கையால் கண்ணை மட்டும் தொடாதீர்கள்.