கண்டாங்கியில் பொன்வண்டு: மினுக்கம் எங்கிருந்து வரும்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் கண்மாய்க்கரை வேலமரத்தில் பொன்வண்டு பிடித்து, தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்தவள் நான். அந்த வண்டைக் கண்டாங்கிச் சேலையின் முந்தியில் கையால் தைக்க ஆசை. பச்சை நூலில் சாட்டின் தையல் போட்டேன். வண்டு வரவில்லை, இலைதான் வந்தது. ஜரிகை சேர்த்தால் சரியாகுமா? நிஜ இறகையே வைத்துத் தைக்கலாம் என்கிறார்களே?

பதில்: நடுவில் கோடு விட்டு, இரண்டு பக்கமும் சாய்த்துத் தைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படித் தைத்தால் நரம்போடிய இலைதான் வரும், எத்தனை ஜரிகை போட்டாலும்.

பொன்வண்டின் பச்சை சாயம் இல்லை. அதன் இறகு உறையின் மேல்தோலில் மிக மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் அந்த நிறம். அதனால்தான் வண்டைத் திருப்பத் திருப்ப நிறமும் மாறியது. நூலிலும் இது ஓரளவு கைகூடும். இழை படுக்கும் திசை மாறினால் ஒரே நூல் இரண்டு நிறமாகத் தெரியும்.

ஆகவே கழுத்தையும் முதுகையும் வெவ்வேறு திசையில் தையுங்கள். கழுத்துப் பகுதியைக் குறுக்குவாட்டில் சாட்டின் தையலாக நிரப்புங்கள். முதுகின் இரண்டு உறைகளுக்கும் முதலில் குறுக்கே ஓட்டுத்தையல் போட்டு நடுவை மேடாக்குங்கள். அதன்மேல் தலையிலிருந்து வால் நோக்கி நெடுக்குவாட்டில் சின்னச் சின்னப் பின்தையல் வரிசைகள், இடைவெளி இல்லாமல். நெடுக்கே ஒரே நீள இழையாக விட்டால் வளையலில் மாட்டி இழுபடும். சாதாரணப் பருத்தி நூலைவிட ஆரி வேலைக்கு விற்கும் பட்டு நூல் நன்றாக மின்னும். வழுக்கும் நூல் அது, முழ நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள்.

கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவே மயிரிழை இடம் விடுங்கள். விரலை வைத்தால் நறுக்கென்று பிடிக்குமே, அந்த இடுக்கு! அது இருந்தால்தான் பார்ப்பவர்களுக்கு வண்டு என்று படும். கழுத்தின்மேல், தைக்கும்போது விரலில் மாட்டும் திம்பிளில் இருப்பதுபோல் புள்ளிக் குழிகள் உண்டு. ஒற்றை இழைக் கரும்பச்சையில் அங்கங்கே குத்தினால் போதும். கால் ஆறும் குட்டையாக இருக்கட்டும், நீண்டால் கரப்பான்பூச்சி ஆகிவிடும். ஜரிகை உறைகளின் வெளியோரத்தில் ஒற்றை இழை, அவ்வளவே.

உங்கள் வண்டு எது என்பதையும் யோசித்துப் பாருங்கள். முழுப் பச்சையும் உண்டு, பச்சைக் கழுத்தும் பழுப்பு முதுகுமாக இருப்பதும் உண்டு. கண்டாங்கியின் அரக்குச் சிவப்புக் கட்டத்தில் பழுப்பு அமுங்கிவிடும். எதுவானாலும் ஒரே கட்டத்துக்குள், நிஜ அளவில், நாலு சென்டிமீட்டருக்குள் அடக்குங்கள்.

நிஜ இறகை, அதாவது இறகு உறையை, வைத்துத் தைப்பது பழைய வேலைதான். 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலும் ஐதராபாத்திலும் மஸ்லினில் இறகு தைத்து ஏற்றுமதி செய்தார்கள். 1903 தில்லி தர்பாரின்போது வைஸ்ராய் கர்சனின் மனைவி கர்சன் சீமாட்டி அணிந்த மயில் உடையிலும் அது உண்டு. இன்றும் நிறம் போகவில்லை. ஆனால் அதையெல்லாம் யாரும் துவைத்துப் பிழிந்து உடுத்தவில்லை. மடித்தால் இறகு நொறுங்கும், அதன் விளிம்பே நூலை அறுக்கும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதானால், செத்து விழுந்த வண்டின் இறகை ஆவியில் காட்டி இளக்கித் துளையிடலாம். சேலைக்கு வேண்டாம்.

சேலை புதிதென்றால் ஊசி எடுக்கும் முன்பே ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு சுருங்கினால் தையல் கூம்பிக்கொள்ளும். சிவப்பு இறங்கினால் முதலில் கெடுவது உங்கள் பச்சைதான்.