ராக் இசையைப் பற்றி நண்பர்களோடு காணொளி நிகழ்ச்சி நடத்த வேண்டும். பாட்டைப் போட முடியாதபோது என்னதான் பேசுவது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: எழுபதுகளின் ஆங்கில ராக் இசையில் ஊறிய நண்பர்கள் நால்வர், ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, யூடியூபில் வாரம் ஒரு நிகழ்ச்சி நடத்த விரும்புகிறார்கள்; ஆனால் பாடலின் சிறு துணுக்கைச் சேர்த்தாலே உரிமைக் கோரல் வந்து நிற்பதால், பாடலே இல்லாத பேச்சை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று தயங்குகிறார்கள்; இதில் வருமானம் வருமா என்றும் கேட்கிறார்கள். இப்படியொரு குழுவில் சில ஆண்டுகளாகப் பேசிவருபவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, பாடலைப் போட முடியாது என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டு, அந்தத் தடையை ஒட்டியே நிகழ்ச்சியை வடிவமையுங்கள் என்பதுதான். இவ்வகையில் நான் விரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சிகள் எல்லாம் அப்படி அமைந்தவையே.

ரசிகர்கள் கூடி வாதிடுவதையே நிகழ்ச்சியாக்கும் வழக்கத்தை யூடியூப் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் வி.எச்.1 கிளாசிக் தொலைக்காட்சியில் 2008 முதல் 2015 வரை எடி டிரங்க், இரண்டு நகைச்சுவைக் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய ‘தட் மெட்டல் ஷோ’வில், சிறந்த ஐந்து எவை என்று பார்வையாளர்கள் முன்னிலையில் சச்சரவிடும் பகுதிக்குத் தனி வரவேற்பு இருந்தது. இன்று யூடியூபில் அதே வேலையைச் செய்பவர்களுள் பீட் பார்டோவின் ‘ஸீ ஆஃப் டிராங்க்விலிட்டி’யை முதலில் பாருங்கள். இணைய இதழாகத் தொடங்கிக் காணொளிச் சேனலாக விரிந்த அதில், திரையில் சில சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம், முகத்துக்குப் பின்னால் குறுந்தகடுகள் அடுக்கிய அலமாரி என்பதற்கு மேல் காட்சி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. டொராண்டோவைச் சேர்ந்த ராக் வரலாற்று எழுத்தாளர் மார்ட்டின் போபாஃப் பங்கேற்கும் ‘தி கான்ட்ரேரியன்ஸ்’ சேனலும் அந்த வகைதான். ஒரு பாடலும் ஒலிக்காத ஒரு மணி நேரப் பேச்சை மக்கள் கடைசிவரை பார்க்கிறார்கள் என்றால், அவர்கள் பாடலைக் கேட்க அங்கே வரவில்லை என்று பொருள். பாடல் அவர்களுடைய கைப்பேசியிலேயே இருக்கிறது. அதைப் பற்றித் தம்மைப் போலவே அக்கறையோடு பேசும் ஆள்தான் பக்கத்து வீட்டில் கிடைப்பதில்லை.

பதிப்புரிமை பற்றி உங்களுக்குச் சற்றுத் தெளிவு வேண்டும், ஏனெனில் இதில் உலவும் வதந்திகள் ஏராளம். முப்பது நொடிக்குக் குறைவாகப் போட்டால் பரவாயில்லை, ஏழு நொடி என்றால் பிடிக்காது என்றெல்லாம் சொல்வார்கள். அப்படி எந்த விதியும் எந்தச் சட்டத்திலும் இல்லை. 2007இல் யூடியூப் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி என்ற அமைப்பு, உரிமையாளர்கள் ஒப்படைத்த மாதிரிகளோடு ஒவ்வொரு காணொளியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால், காணொளியைத் தடுப்பதோ, அதன் விளம்பர வருவாயை எடுத்துக்கொள்வதோ, பார்வைக் கணக்கை மட்டும் கவனித்திருப்பதோ உரிமையாளரின் விருப்பம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமரிசனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. அமெரிக்கச் சட்டத்திலும் இதற்கு ஒப்பான இடம் உண்டு. ஆனால் பொருத்திப் பார்க்கும் இயந்திரத்துக்கு விமரிசனம் எது, திருட்டு எது என்று தெரியாது. நீங்கள் மறுப்புத் தெரிவித்தால் அதற்குப் பதிலளிக்க உரிமையாளருக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வாரம் ஒரு நிகழ்ச்சி நடத்துபவருக்கு அந்த நியாயத்தால் பயன் குறைவு. பாடல்களைப் பகுத்து விளக்கிப் பல இலட்சம் பேரை ஈர்த்த ரிக் பியாட்டோவே இந்தத் தொல்லையைப் பற்றி 2020இல் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளிக்க வேண்டியிருந்தது. கிட்டாரை எடுத்து நாமே வாசித்துக் காட்டினால் தப்பிக்கலாம் என்பதும் முழு உண்மையன்று. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கும் வரிகளுக்கும் வேறோர் உரிமை என்று இரண்டு இருப்பதால், வாசித்த மெட்டையும் வெளியீட்டாளர் உரிமை கோரலாம். இருந்தாலும் அஞ்ச வேண்டிய அளவை அறிந்து அஞ்சுங்கள்: கன்டென்ட் ஐடி கோரல் வந்தால் பொதுவாக அந்தக் காணொளிக்கு மட்டும்தான் பாதிப்பு, உரிமையாளர் முறைப்படி அகற்றக் கேட்டு வரும் எச்சரிக்கை வேறு வகையானது, அது 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே பறிபோகும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஒலிக்காத பாடலைக் கேட்கச் செய்வது எப்படி? ‘அபாரம்’, ‘மிரட்டல்’, ‘காலத்தால் அழியாதது’ ஆகிய சொற்களை எங்கள் குழுவில் ஏறக்குறைய தடை செய்துவிட்டோம். ஒரு பாடலைப் புகழ விரும்புபவர், பார்ப்பவர் நிகழ்ச்சி முடிந்ததும் போய்ச் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லெட் ஸெப்பெலின் இசைக்குழுவின் 1971ஆம் ஆண்டு ஆல்பத்தின் கடைசிப் பாடலில் ஜான் பானமின் டிரம்ஸ் ஏன் அப்படி ஒரு பெருங்கூடத்துக்குள் இடிப்பது போலக் கேட்கிறது என்று பேச வந்தால், ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையைப் பற்றிச் சொல்லுங்கள்: மாடிப்படியின் அடியில் டிரம்ஸை வைத்து, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேலே படிக்கட்டு வெளியில் இரண்டு மைக்குகளை மட்டும் தொங்கவிட்டு, அந்த ஒலியை எதிரொலிக் கருவி ஒன்றின் வழியாகச் செலுத்திப் பதிந்தார். இதைக் கேட்டுவிட்டுப் போகிறவர் அந்தப் பாடலின் முதல் சில நொடிகளைக் கேட்கும்போது, படிக்கட்டின் உயரத்தையே கேட்பார். அதே போல, பிளாக் ஸாபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, இளமையில் தகடு வெட்டும் ஆலையில் வலக்கை விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கம்பிகளை அழுத்தும் கை அந்த வலக்கையேதான். அவர் மெல்லிய கம்பிகளுக்கு மாறியதையும், 1971இல் மூன்றாம் ஆல்பத்தில் கிட்டாரின் சுருதியை ஒன்றரைத் தொனி கீழே இறக்கியதையும் சேர்த்துச் சொன்னால், ‘கனமான ஒலி’ என்ற தேய்ந்த சொல்லுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஆனால் டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடலுக்குக் காரணமான, மோன்த்ரே சூதாட்ட மாளிகை தீப்பிடித்த கதையைத் தயவுசெய்து மறுபடியும் சொல்லாதீர்கள். ராக் ரசிகர்களில் அதை அறியாதவர் எவரும் இல்லை, உங்களுக்குச் சொல்லவே ஆசை என்றாலும் அடக்கிக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியைத் தமிழில் நடத்துவதாக இருந்தால், உங்களிடம் இன்னொரு வசதியும் இருக்கிறது. தாளத்தைக் கையால் போட்டுக் காட்டலாம். மெட்டைப் பாடாமல் கைதட்டி மட்டும் காட்டினால் பொருத்திப் பார்க்கும் அமைப்பு பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது என்று மேல்நாட்டு நிகழ்ச்சிகளில் விளக்குவதற்குச் சில நிமிடங்களாவது ஆகும். கச்சேரி கேட்டுப் பழகிய தமிழ்ப் பார்வையாளருக்கு மிச்ர சாபு தாளத்தை நினைவூட்டினால் ஏழு என்பது உடனே விளங்கிவிடும், உட்பிரிவு வேறாக இருக்கிறது என்பதை மட்டும் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கிட்டார் தனி வரும்போது அந்தப் பாடல் நான்கு எண்ணிக்கைக்கு மாறுகிறது என்பதையும் கைதட்டியே காட்டுங்கள். பல ஆண்டுகளாகக் கேட்ட பாடலில் அந்த மாற்றத்தைக் கவனித்ததே இல்லை என்று எழுதும் பார்வையாளர்கள் நிச்சயம் வருவார்கள்.

அடுத்தது, தரவரிசை. ஓர் இசைக்குழுவின் ஆல்பங்களைக் கடைசியிலிருந்து முதலிடம் வரை அடுக்குவது மலிவான உத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘இதுவும் நன்று, அதுவும் நன்று’ என்று நழுவும் நண்பரை, ஒன்றை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் வைத்துக் காரணம் சொல்லும்படி அது கட்டாயப்படுத்துகிறது. அவர் இத்தனை காலம் எதைக் கேட்டு வந்தார் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது, குரலைக் கேட்பவரா, கிட்டாரைக் கேட்பவரா, ஒலிப்பதிவின் தரத்தைக் கேட்பவரா என்று. ஆனால் விதிகளை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். லெட் ஸெப்பெலினுக்கு எட்டு ஸ்டூடியோ ஆல்பங்களா, பானமின் மறைவுக்குப் பிறகு 1982இல் மிச்சம் மீதியைத் திரட்டி வெளியிட்ட ‘கோடா’வையும் சேர்த்து ஒன்பதா? டீப் பர்ப்பிளைப் பேசும்போது, கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் விலகி ஸ்டீவ் மோர்ஸ் வந்த பின்னர் 1996இல் தொடங்கி வெளியான ஆல்பங்கள் கணக்கில் உண்டா? பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975இல் விலகிய பிறகான ஜெனஸிஸும் அதே ஜெனஸிஸ்தானா? இவற்றை நிகழ்ச்சிக்கு நடுவில் விவாதிக்க ஆரம்பித்தால் வரிசை முடியாது. எவர் எதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் முன்னதாகச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. ஆறாம் இடத்தில் நீங்கள் வைத்ததை மற்றவர் முதலிடத்தில் வைத்திருப்பதை அந்தக் கணத்தில் அறியும்போது முகத்தில் தோன்றுவதை நடித்துக் காட்ட முடியாது.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பது நண்பர்கள் விஷயம் என்பதால் தயங்கித்தான் சொல்கிறேன். நால்வரும் ஒரே கல்லூரி விடுதியில் ஒரே நாடாவைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்றால் நால்வருக்கும் ஒரே கருத்துதான் இருக்கும். ஏதேனும் ஒரு கருவியை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், இந்த இசைக்குத் தாமதமாக வந்த இளையவர் ஒருவர் கட்டாயம் தேவை. இளையவருக்குப் பழைய புனிதங்கள் தெரியாது, அதனால் அவர் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையிலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும். இசைத்தட்டு சேகரிப்பவர் இருப்பது அழகுதான், உறையைப் பிரித்துக் கேமராவின் முன் காட்டுவார். ஆனால் எந்த நாட்டு அச்சு எந்த அச்சைவிட நன்று என்று பேசத் தொடங்கினால் அவரை நிறுத்துவதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் நெறியாளர். அவர் மிகுதியாக அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை, தாம் அறிந்ததையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு இல்லாதவராக இருந்தால் போதும்.

கருவிகளுக்குப் பெரிதாகச் செலவிட வேண்டாம். ஸ்ட்ரீம்யார்ட் போன்ற சேவைகளில் உலாவியின் வழியாகவே எல்லாரும் இணையலாம். ஒவ்வொருவரின் குரலும் அவரவர் கணினியிலேயே தனியாகப் பதிவாகும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஒருவருடைய இணைப்பு திக்கினாலும் ஒலி காப்பாற்றப்படும். எல்லாரும் கம்பியுள்ள இயர்போன் அணிய வேண்டும், இல்லையென்றால் ஒருவர் பேச்சு மற்றவர் மைக்கில் எதிரொலிக்கும். நம் வீடுகளில் மின்விசிறியும் குக்கர் விசிலும் இருப்பதால், வாய்க்கு அருகில் வைத்துப் பேசும் டைனமிக் மைக், அறையின் எல்லா ஒலியையும் வாரிக்கொள்ளும் கண்டென்சர் மைக்கைவிடப் பொருத்தமானது. படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி கரகரத்தால், இசையைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சியிலிருந்து எழுந்து போய்விடுவார்கள், போகவும் வேண்டும்.

வருமானத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும், அல்லது அதற்கு மாற்றாகக் ஷார்ட்ஸ் எனப்படும் குறுங்காணொளிகளில் பெரும் பார்வை எண்ணிக்கையும் வேண்டும். நீண்ட பேச்சு நிகழ்ச்சிகளுக்கு மணிக்கணக்கு எளிதில் சேரும், சந்தாதாரர்கள்தான் மெதுவாக வருவார்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வரும்படி ஒருவரையும் நான் தூண்டமாட்டேன்.

முதல் நிகழ்ச்சிக்கு என்ன எடுப்பது என்றால், பிங்க் ஃபிளாய்டை எடுங்கள், பெயர் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் 1973, 1975, 1977, 1979 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு ஆல்பங்களையும் போட்டியிலிருந்து விலக்கிவிடுங்கள். அவற்றை எல்லாரும் மேலே வைப்பார்கள், பேச்சு அங்கேயே தீர்ந்துவிடும். 1967 முதல் 2014 வரை வெளியான பதினைந்து ஸ்டூடியோ ஆல்பங்களில் அவை போக மீதம் இருப்பவை பதினொன்று. இருபத்துமூன்று நிமிடப் பாடல் ஒன்று இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கும் 1971ஆம் ஆண்டின் ‘மெடில்’ பெரும்பாலும் முதலிடம் பெற்றுவிடும். குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் தனி ஆளாக எழுதிய 1983ஆம் ஆண்டின் ‘தி ஃபைனல் கட்’டை எங்கே வைப்பது என்பதில் உங்கள் நால்வருக்கும் சண்டை வரும். அந்தச் சண்டைக்குப் போதிய நேரம் ஒதுக்கி, மற்றவற்றை விரைந்து கடந்துவிடுங்கள்.