கடுவன் பெருத்தது எப்படி?

கேள்வி (தங்கச்சிமடம் வாசகர்): ராமேசுவரத்தில் கடுவன் (ஆண் குரங்கு), மந்தி (பெண் குரங்கு) இரண்டும் யாத்ரீகர்கள் போடும் அதே வாழைப்பழம், பொரியைத்தான் தின்கின்றன. கடுவன் மட்டும் எப்படி அவ்வளவு பெரிது? இலங்கைக் குரங்குகள் இன்னும் சின்னவை என்கிறார்கள். எல்லாம் ஹார்மோன் வேலையா?

பதில்: பெரும்பகுதி ஆமாம். நம் நாட்டுக்குரங்கில் வளர்ந்த கடுவன் சராசரியாக 6 முதல் 7 கிலோ இருக்கும். மந்தி 4 கிலோவை ஒட்டி நிற்கும். குட்டிகளாக ஓடித் திரியும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கும். அது கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனை வரவழைக்கும். கை, கால் எலும்பின் முனையில் ஒரு குருத்தெலும்புத் தட்டு உண்டு. இந்த இரண்டு ஹார்மோனும் சேர்ந்து அங்கே செல்களைப் பெருக்க, எலும்பு நீள்கிறது. அந்தத் தட்டு எப்போது மூடும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூடுவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்பால் ஹார்மோன். மந்திக்கு 3, 4 வயதிலேயே பருவம் வந்து ஈஸ்ட்ரோஜன் ஏறிவிடும். முதலில் வளர்ச்சியை முடுக்கும் அதே ஹார்மோன், பிறகு தட்டை எலும்பாக்கி நிறுத்திவிடும். கடுவனுக்குப் பருவம் தாமதம். அதனால் வளரும் காலம் நீளம். ஆண்பால் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஐஜிஎஃப்-1ஐ உயர்த்தித் தசையையும் ஏற்றிவிடும். கடைசியில் அந்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் கடுவனின் தட்டும் மூடுகிறது.

இலங்கையில் இருப்பது வேறு இனம்: சிங்களத்தில் ரிலவா எனப்படும் செங்குரங்கு. நம் குரங்குக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் சேர்ந்த மக்காக் என்ற குரங்கு வகையிலேயே மிகச் சிறியது. இனத்துக்கு இனம் உடலளவு மாறும்போது ஹார்மோன் பெரும்பாலும் அதேதான். எவ்வளவு சுரக்கிறது, அதை வாங்கும் ஏற்பிகள் எத்தனை, எந்த வயதில் நிற்கிறது என்பவை தலைமுறை தலைமுறையாக மாறுகின்றன. தென் அமெரிக்க மார்மோசெட் குரங்கு ஏறக்குறைய 350 கிராம்தான். 2014இல் அதன் மரபணுத் தொகுதி வெளியானபோது, வளர்ச்சி ஹார்மோன், ஐஜிஎஃப் சார்ந்த மரபணுக்களில் இயற்கைத் தேர்வின் தடம் தெரிந்தது.

கேள்வி (பாம்பன் வாசகர்): பழமும் பிஸ்கட்டும் போட்டுப் போட்டு நம் குரங்குகள் பெரிய இனமாகிவிடுமா?

பதில்: ஆகாது. தட்டு மூடிய பிறகு தின்பதெல்லாம் கொழுப்பாகவே சேரும். குரங்கு உட்காரும்போது பாருங்கள்: வயிற்று மடிப்பு தொடைமேல் சரிந்து கிடக்கும், முன்கை எலும்பின் நீளம் மற்றக் குரங்குகளுடையதுதான். குட்டியிலேயே கொழுத்தால், கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின் ஹார்மோனும் இன்சுலினும் ஏறி மந்திக்குப் பருவம் முந்தும். பருவம் முந்தினால் தட்டும் முந்தியே மூடும்.