2000 வாட் கீசருக்கு ஸ்மார்ட் பிளக் 1740 வாட் காட்டுவது ஏன்?

உங்க பிளக் பொய் சொல்லலைன்னுதான் தோணுது. டாஸ்மோட்டாவில் (பிளக்குக்குள்ள ஓடுற மென்பொருள்) பவர்செட் 2000-ன்னு, அதாவது இப்போ ஓடுறதை 2000 வாட்டுன்னு திருத்திக்கச் சொல்ற கட்டளையை, அடிச்சுடாதீங்க, சரியா இருக்கிறதும் கெட்டுடும்.

கீசர் மேல போட்டிருக்கிற 2000 வாட் 230 வோல்ட்டுக்கான கணக்கு. ஹீட்டர் கம்பிக்கு வோல்ட்டேஜ் குறைஞ்சா வாட் அதன் வர்க்கத்துல இறங்கும். 215 வோல்ட்னா ஏறக்குறைய 1750 வாட்தான். ஹோம் அசிஸ்டன்ட்ல (ஸ்மார்ட் கருவிகளை ஒரே இடத்துல பார்க்கிற மென்பொருள்) அதே பிளக்கோட வோல்ட்டேஜ் சென்சாரைப் பாருங்க, கீசர் ஓடும்போது.

அந்த வோல்ட்டேஜையும் நம்பலைன்னா ஈபி மீட்டர் இருக்கே. வீட்டில் மத்த எல்லாத்தையும் அணைச்சுட்டு கீசரை மட்டும் விடுங்க. மீட்டர்ல யூனிட்டுக்கு 3200 துடிப்புன்னு (3200 imp/kWh) அச்சிட்டிருந்தா, சிவப்பு விளக்கு 100 தடவை மின்ன 65 நொடி ஆச்சுன்னா 1740 சரி. 56 நொடின்னா நிஜமாவே 2000, பிளக்கைத்தான் திருத்தணும். (வேற எண் இருந்தா கணக்கும் மாறும்.) கண்ணால எண்ணினா தவறிடலாம், நான் போன்ல வீடியோ எடுத்து மெதுவா ஓட்டி எண்ணினேன்.

தண்ணி சூடாகி தெர்மோஸ்டாட் கட் ஆகிறதுக்குள்ள முடிச்சுடுங்க. பிளக் 10 ஆம்பியர்னா கீசருக்கு அது வேண்டாம், 16 ஆம்பியர் போடுங்க.